மணிக்கட்டு முறிந்தால்: மாவுக்கட்டுக்கு முன்னும் பின்னும்

கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தால், "விரலை அசைக்க முடியுதே, சுளுக்குதான்" என்று விட்டுவிடாதீர்கள். முறிந்த கையிலும் விரல் அசையும். எலும்பின்மேல் ஒரே இடத்தில் தொட்டாலே சுருக்கென்று வலித்தால் முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் கழற்றுவது மோதிரமும் வளையலும். வீக்கம் ஏறிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிறகு செய்தித்தாளைக் கெட்டியாக மடித்து, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை அணைகொடுத்து, முறிவுக்கு மேலும் கீழும் துணியால் கட்டுவேன். முறிவின்மேல் முடிச்சு விழக்கூடாது. நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கட்டைத் தளர்த்துங்கள். எண்ணெய் போட்டு நீவுவதும், இழுத்து நேராக்குவதும் வேண்டவே வேண்டாம். எலும்பு விலகி நரம்பையும் ரத்தக்குழாயையும் கிழித்துவிடலாம்.

கட்டைவிரல் அடிக்குழியில் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகும். 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொன்னால் தவறாமல் போங்கள்.

மாவுக்கட்டு முழுதாகக் காய 2, 3 நாள் ஆகும். தலையணைமேல் கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்து, விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள். அரிப்புக்குச் சீப்பு, குச்சி நுழைத்தால் உள்ளே புண்ணாகிச் சீழ் பிடிக்கும். கையைத் தூக்கி வைத்தும் வலி கூடினாலோ, விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.