பனியில் கால்தடம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் மருமகள் போன மாசியில் ஒருநாள் விடியவே ஒரு படம் அனுப்பியிருந்தாள். பின்வளவுப் பனியில், வேலியோரமாய், விரித்த உள்ளங்கை அகலத்துக்கு வட்டக் குழிகள். "மாமா, இது என்ன மிருகம்? பிள்ளையள வெளியில விடப் பயமாயிருக்கு." விரல் அடையாளம் இல்லை, நகம் இல்லை. பெரிய குழி, அவ்வளவுதான்.

இரண்டு கேள்வி கேட்டேன். கடைசியாக எப்போது பனி கொட்டியது? குழிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன? பனி கொட்டி மூன்று நாள், அதில் இரண்டு நாள் நல்ல வெயில். குழிகள் மேப்பிள் மரத்தடியில் தொடங்கி வேலிக் கம்பத்தில் முடிந்தன. கம்பத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. அணில்தான். நாலு காலையும் சேர்த்துத் தாவி விழும் அணிலின் நான்கு தடங்களும் வெயிலில் உருகி ஒரே குழியாகியிருந்தன.

ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிப் படங்கள் எனக்கு வருகின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தவறு ஒன்றுதான்: ஒரே ஒரு அடியை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பது. பனியில் ஓர் அடி ஏமாற்றும். அதே விலங்கு வைத்த இருபது அடிகள் அவ்வளவு சுலபமாக ஏமாற்றா. எங்கிருந்து வந்தது, எப்படி நடந்தது, எங்கே போனது என்று பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

உருகிய தடத்தை நம்புவது

பனியில் பதிந்த தடம் பதிந்தபடி இருப்பதில்லை. வெயில் பட்டால் குழியின் சுவர் உருகி விலகும், விளிம்பு மழுங்கும், விரல்கள் ஒன்றோடொன்று சேரும். காலையில் நடந்த நாயின் தடம் அடுத்த நாள் மாலையில் கரடித் தடம் போலத் தெரியும். 2019 சித்திரையில் இந்திய இராணுவத்தின் மலையேற்றக் குழு ஒன்று நேபாளத்தில் மக்காலு அடிவார முகாமுக்கு அருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமுமான தடங்களைக் கண்டதாகச் சொல்லி, அவை எட்டி எனும் பனிமனிதனுடையவை என்று ட்விட்டரில் படம் போட்டது பலருக்கு நினைவிருக்கும். அளவெடுத்தது நல்ல காரியம். ஆனால் பனியில் அளவு மட்டும் எதையும் நிரூபிக்காது. கரடி நடக்கும்போது பின்பாதம் முன்பாதத்தின் மேல் பாதி ஏறி விழும், இரண்டும் சேர்ந்து ஒரே நீளப் பாதம் போலத் தெரியும். அதன்மேல் இரண்டு நாள் வெயிலும் பட்டால் எந்த அளவும் வரலாம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே தடத்தின் வழியே நடந்து, நிழலான இடத்தைத் தேடுங்கள். மரத்தின் வடக்குப் பக்கம், வேலியின் நிழல், பைன் மரத்தின் தாழ்ந்த கிளைக்குக் கீழ். அங்கே பதிந்த அடி உருகாமல் இருக்கும். அதைத்தான் அளக்க வேண்டும். அளக்கும்போதும் குழியின் மேல்வாயை அளக்காதீர்கள். கால் இறங்கும்போதும் ஏறும்போதும் வாய் அகன்றுவிடும். பாதம் அழுத்தி நின்ற அடித்தளத்தை அளந்தால்தான் பாதத்தின் அளவு.

நகம் தெரியவில்லை, ஆகவே பூனை என்பது

நகம் தெரிந்தால் நாய் இனம், தெரியாவிட்டால் பூனை இனம் என்ற பாடம் சேற்றில் ஓரளவு சரிவரும். பனியில் அதை நம்பிப் போனவர்கள்தான் அதிகம் வழுக்கியிருக்கிறார்கள். ஒன்ராறியோ மாகாணத்துச் செந்நரிக்குக் குளிர்காலத்தில் உள்ளங்காலெல்லாம் மயிர் அடர்ந்திருக்கும். தூள்பனியில் அதன் நகமும் தெரியாது, விரல்மெத்தைகூடச் சரியாகத் தெரியாது. மறுபக்கம், வழுக்கும் பனிக்கட்டியில் பூனையும் நகத்தை ஊன்றும்.

வடிவத்தைப் பாருங்கள். நரி, கொயோட்டி (ஓநாயை விடச் சிறிய காட்டு நாயினம்), நாய், ஓநாய் எல்லாவற்றினதும் பாதம் நீள்வட்டம். இடது பாதியும் வலது பாதியும் ஒத்திருக்கும். நாலு விரலுக்கும் பின்மெத்தைக்கும் இடையே அமுங்காத பனி மேடாக நிற்கும். அந்த மேடு பெருக்கல் குறி போலக் குறுக்கும் மறுக்கும் ஓடும். பூனையின் பாதம் வட்டம். நம் நடுவிரல் போல ஒரு விரல் மற்றவற்றை விடச் சற்று முன்னே நீண்டிருக்கும், அதை வைத்தே இடது பாதமா வலது பாதமா என்று சொல்லலாம். பின்மெத்தை பாதத்தின் அளவுக்குப் பெரிது, அதன் பின்விளிம்பு மூன்று பிதுக்கமாக இருக்கும்.

அளவு இதற்குப் பிறகுதான் உதவும். வீட்டுப் பூனை 3 முதல் 4 சென்ரிமீற்றர். செந்நரி 5 முதல் 6. கொயோட்டி 7ஐ ஒட்டி. அல்கொன்குவின் பூங்காவின் ஓநாய் 9க்கு மேல். ஆனால் ஒரு பெரிய வளர்ப்பு நாய் இந்த எல்லா எண்களுக்குள்ளும் வந்து போகும். அங்கேதான் நடை வேண்டும்.

நடையைப் பார்க்காமல் விடுவது

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஸ்காபரோவையும் மார்க்கத்தையும் ஒட்டிக் கிடக்கிறது. ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர். அங்கே புதுப்பனி கொட்டிய காலையில் போனால் நாய்த் தடமும் கொயோட்டித் தடமும் பத்தடி இடைவெளியில் கிடப்பதைப் பார்க்கலாம். நாய் பார்க்கிங்கிலிருந்து வரும், பக்கத்தில் சப்பாத்துத் தடம் இருக்கும். மரத்துக்கு மரம் நின்று மணக்கும், வட்டமடிக்கும், திரும்பி ஓடும், பின்கால் முன்காலுக்குப் பக்கத்தில் தாறுமாறாய் விழும். அதற்கு வீட்டில் சாப்பாடு காத்திருக்கிறது, காலை வீணாக்கலாம். கொயோட்டிக்கும் நரிக்கும் அப்படியில்லை. முன்கால் வைத்த குழியிலேயே பின்கால் விழும். ஒரு அடிக்கு இரண்டு தரம் பனியை உடைக்கும் வேலை மிச்சம். நரியின் தடம் நூல் பிடித்ததுபோல ஒற்றைக் கோடாகப் புல்வெளியைக் கடக்கும். இரண்டு கால் பிராணி நடந்ததோ என்று புதியவர்கள் திகைப்பதும் இதனால்தான். பூனையும் இப்படித்தான் நடக்கும், ஆகவே நடையோடு பாதத்தின் வடிவத்தையும் சேர்த்தே பாருங்கள்.

தாவும் பிராணிகளின் கணக்கு வேறு. முயலும் அணிலும் நாலு தடம் ஒரு கூட்டம், பிறகு வெற்றிடம், பிறகு மறுபடி ஒரு கூட்டம். அணிலின் முன்கால்கள் இரண்டும் அருகருகே விழும், கூட்டம் சதுரமாக இருக்கும். முயலின் முன்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும், கூட்டம் நீளமாக இருக்கும். இரண்டு இரண்டாகச் சாய்வாய் விழுந்த சோடித் தடங்கள் நெடுகப் போனால் அது மிங்க், ஃபிஷர் போன்ற, கீரி மாதிரி நீண்ட உடம்புக்காரர். நீர்நாய் என்றால் இன்னும் சுகம்: நாலு எட்டு ஓடி, வயிற்றால் சறுக்கி, மறுபடி ஓடும். ஆற்றோரத்தில் சாண் அகலத்தில் வழவழவென்று ஒரு வாய்க்கால் தெரிந்தால், ஏதோ இழுத்துப்போகப்பட்டது என்று பதறாதீர்கள்.

குழந்தையின் கை போல ஐந்து விரல் பதிந்திருந்தால் ரக்கூன். அதைத் தவறவிடுவோர் குறைவு.

திசையைத் தலைகீழாக வாசிப்பது

என்னோடு நடக்க வரும் நண்பர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். முயல் தாவி இறங்கும்போது முதலில் சிறிய முன்கால்கள் ஊன்றும். பிறகு நீளமான பின்கால்கள் அவற்றைத் தாண்டி முன்னே வந்து விழும். ஆகவே கூட்டத்தில் முன்னுக்குத் தெரிவது பின்கால். பெரிய தடங்கள் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, முயல் போன பக்கத்துக்கு நேரெதிராக அரை மணிநேரம் நடந்தவர்களை எனக்குத் தெரியும்.

காட்டு வான்கோழியும் இதே குழப்பம் தரும். மூன்று விரல் விரிந்த அதன் தடம் கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் நீளம், பார்த்தால் வீதியில் வரைந்த அம்புக்குறி போலவே இருக்கும். அந்த அம்பு காட்டுவது கோழி வந்த திசையை. விரல்கள் விரிந்திருக்கும் பக்கமே அது போன பக்கம்.

மானுக்குக் குளம்பின் கூர்முனை முன்பக்கம். முழங்காலளவு பனியில் குளம்பே தெரியாது, வெறும் குழிதான். அப்போது குழியைச் சுற்றிச் சிதறிய பனித்துணுக்குகளைப் பாருங்கள். காலைத் தூக்கி எடுக்கும்போது அவை போகும் பக்கமாய் எறியப்படும். குளம்புக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள் தெரிந்தால் வேறு விலங்கு என்று எண்ண வேண்டாம். ஆழப் பனியில், குளம்புக்குப் பின்னால் சற்று மேலே இருக்கும் சிறு குளம்புகளும் பதியும்.

இடத்தையும் மாதத்தையும் மறப்பது

தை மாதத்தில் பெரிய தடம் கண்டவுடன் கரடி என்பார்கள். ஒன்ராறியோவின் கருங்கரடி அந்த நேரம் குகைக்குள் உறக்கத்தில் இருக்கும். ரக்கூன் கடுங்குளிரில் பொந்தை விட்டு அதிகம் வராது. இரண்டு நாள் வெப்பம் ஏறினால் ஊரெல்லாம் அதன் கைத்தடம். ரொறன்ரோப் பள்ளத்தாக்குகளில் கண்ட தடத்தை ஓநாய் என்பவர்கள், அதே பள்ளத்தாக்குகளில் கொயோட்டிகள் வருடம் முழுவதும் வாழ்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வடக்கே போனால் நிலைமை மாறும். அங்கே லிங்ஸ் என்ற காட்டுப் பூனை உண்டு. அதன் பாதம் கொயோட்டியினதை விட அகலம், மயிர் அடர்ந்து விளிம்பே தெரியாமல் பஞ்சு ஒத்தியதுபோல் இருக்கும். அதை அறிய நல்ல வழி ஆழம்: இவ்வளவு பெரிய பாதம் இவ்வளவு கொஞ்சமாகவா அமுங்கியிருக்கிறது என்று தோன்ற வேண்டும். பக்கத்தில் பனிமுயலின் தடமும் இருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். முயல் பெருகினால் லிங்ஸ் பெருகும், முயல் குறைந்தால் அதுவும் குறையும். ஏறத்தாழ பத்து ஆண்டுக்கு ஒருமுறை சுழலும் இந்த ஏற்ற இறக்கம் ஹட்சன் பே கம்பனியின் தோல் வியாபாரக் கணக்குகளிலேயே பதிவாகியிருக்கிறது.

உதவாத படம் எடுப்பது

சாய்வாக நின்று, ஒரே அடியை, பக்கத்தில் எந்த அளவும் வைக்காமல் எடுத்த படத்தை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. நேர்மேலே இருந்து எடுங்கள். பக்கத்தில் அடிமட்டம் வையுங்கள். அது இல்லாவிட்டால் வங்கி அட்டை, அது எங்கும் 8.56 சென்ரிமீற்றர் நீளம். கனடாவின் ஒரு டொலர்க் குற்றி 2.65 சென்ரிமீற்றர். கையுறையை வைத்து எடுத்தால் அது யாருடைய கையுறை என்று நான் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். பிறகு நாலடி பின்னுக்கு வந்து தடம் நெடுக ஒரு படம். நண்பகல் வெளிச்சத்தில் பனி வெறும் வெள்ளைத் தாள். காலையிலோ மாலையிலோ, தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்கும்படி நில்லுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து விரல் விரலாய்த் தெரியும்.

தடத்தின் பின்னால் போவது

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, தடம் போகிறதே என்று உறைந்த குளத்தின்மேல் காலை வைப்பது. அந்த நரி 5 கிலோ. நீங்கள் 70 கிலோ. அதைத் தாங்கிய பனிக்கட்டி உங்களையும் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கரையிலேயே நில்லுங்கள்.

நிலத்திலும் விலங்கைத் துரத்திப் போகாதீர்கள். ஆழப் பனியில் ஒரு மானை ஓடவைத்தால், பங்குனி வரை தாக்குப்பிடிக்க அது உடம்பில் சேர்த்த கொழுப்பை நீங்கள் எரிக்கிறீர்கள். புதுத்தடம் கண்டால் எதிர்ப்பக்கமாக, அது வந்த வழியே நடவுங்கள். விலங்குக்குத் தொல்லை இல்லை. அது செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

போன வருடம் ரூஜில் ஒரு நரியின் தடத்தை அப்படிப் பின்னோக்கிப் பிடித்துப் போனேன். ஒற்றைக் கோடு ஒரு பெரிய குழியில் போய் நின்றது. சுற்றிலும் கிளறிய பனி, ஓரத்தில் பொட்டளவு இரத்தம். குழிக்கு அந்தப் பக்கம் தடமே இல்லை. வானத்திலிருந்து விழுந்ததுபோல. இரண்டு மீற்றருக்கு வெறும் பனி. அதற்கும் அப்பால் நாலு பாதமும் நெருங்கி, மற்ற அடிகளைவிட ஆழமாய் அழுந்திக் கிடந்தன. பனிக்கு அடியில் எலி ஓடும் சத்தத்தைக் கேட்டபடி அது நின்ற இடம்.