கடல் பக்கத்துலதான், ஆனா தண்ணிய வீட்டுலதான் தயார் பண்ணணும்: புதுசா உப்புத்தண்ணி மீன் தொட்டி வைக்கிறவங்களுக்கு

மாயவரத்துல எங்க வீட்டுல இருந்து பைக்க எடுத்தா முக்கால் மணி நேரத்துல பூம்புகார் கடல்ல கால் நனைச்சிடலாம். அதனால உப்புத்தண்ணி தொட்டி வைக்கப்போறேன்னு நான் சொன்னதும் வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ஒண்ணையேதான் சொன்னாங்க, கடல் இந்தா இருக்கு, ரெண்டு கேன் தண்ணி புடிச்சிட்டு வந்து ஊத்து, ஒரு சாக்கு மணல் அள்ளிப் போடு, வேலை முடிஞ்சுது. நானும் நம்பிட்டேன். ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் போய் ரெண்டு கேன் ரொம்பப் புடிச்சிட்டு வந்து, ரிஃப்ராக்டோமீட்டர்ல (உப்பு எவ்வளவுன்னு அளக்குற கருவி) ஒரு சொட்டு விட்டுப் பார்த்தா 24 காட்டுது. இருக்க வேண்டியது 35, அதாவது ஒரு கிலோ கடல்தண்ணியில 35 கிராம் உப்பு. காவிரி போய் விழுற இடத்துல நின்னு மொண்டுட்டு கடல்தண்ணின்னு நெனச்சா எப்படி? மழைத் தண்ணியும் வயல்ல அடிச்ச மருந்தும் சேர்ந்துதான் அங்க வருது. படகு நிக்கிற துறைமுகம் பக்கம் போனா டீசல் வேற. அந்த ரெண்டு கேனும் அப்படியே வாய்க்காலுக்குத்தான் போச்சு.

சரி, முதல்லேர்ந்து வருவோம்.

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டியில ஆரம்பிக்கலாம்னு எல்லாருக்கும் தோணும், அது தப்புங்க. தண்ணி கம்மியா இருந்தா சூடும் உப்பும் படக்குனு ஏறி எறங்கும், மீன் தாங்காது. 3 அடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரம் நல்ல அளவு. கணக்குக்கு 130 லிட்டர் புடிக்கும், கல்லு, மணல், மேல விடுற இடம் எல்லாம் போக சுமார் 100 லிட்டர் தண்ணி நிக்கும். கண்ணாடியோட சேர்த்து மொத்த எடை 160, 170 கிலோ வந்துரும், அதனால பழைய டிவி ஸ்டாண்டு மேல தூக்கி வச்சுட்டு சாமிய வேண்டிக்காதீங்க. வெல்டிங் பட்டறையில ஸ்டாண்ட் அடிச்சு, பெயிண்ட் ரெண்டு கோட்டிங் கொடுத்து (உப்பு பூத்துச்சுன்னா இரும்பு ஒரு வருஷம் தாங்காது), மட்டப்பலகை வச்சு மட்டம் பார்த்து, மேல ஒரு தெர்மாகோல் ஷீட் போட்டு அதுக்கு மேல தொட்டிய வைங்க.

ஜன்னல் வெயில் நேரா விழக்கூடாது, பாசி புடிச்சுத் தள்ளும். இன்னொண்ணு, இத யாரும் சொல்லித் தர்றதில்ல: கொசு மருந்து. டெல்டாவுல கொசு இல்லாத வீடு ஏது, சாயங்காலம் ஆனா எல்லா வீட்டுலயும் லிக்விட் மெஷினோ சுருளோ ஓடும். அதுல இருக்குற மருந்து பூச்சியக் கொல்லத்தான் இருக்கு, இறாலும் நண்டும் அதுக்கு பூச்சி மாதிரிதான், மீனுக்கும் ஆகாது. ஏர் பம்ப் ரூம் காத்த இழுத்து தண்ணிக்குள்ள விடுறதால எல்லாம் நேரா உள்ள போயிரும். தொட்டி இருக்குற ரூம்ல கொசுவலை கட்டிக்கங்க, சாம்பிராணிப் புகையையும் வேற ரூம்ல வச்சுக்கங்க.

பிளக் பாயின்ட்டுக்குப் போற ஒயர் எல்லாம் ஒரு தடவ கீழ தொங்கி அப்புறம் மேல ஏறுற மாதிரி விடுங்க. ஒயர் வழியா வழியிற தண்ணி கீழ சொட்டிரும், பிளக்குக்குள்ள போகாது.

தண்ணி

போர் தண்ணி வேணாம், கடற்கரைப் பக்கம் அது ஏற்கனவே உப்பேறிக் கெடக்கு. முனிசிபாலிட்டி தண்ணியில குளோரின். ஆர்ஓ தண்ணிதான் வேணும். ஆனா கிச்சன்ல மாட்டியிருக்குற ஆர்ஓ மெஷின்ல குடிக்க ருசியா இருக்கணும்னு கொஞ்சம் வடிகட்டாத தண்ணியக் கலக்கவோ மினரல் சேர்க்கவோ செட்டிங் வச்சிருப்பாங்க, அதனால டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்புகளோட அளவு) 50, 60 கூட காட்டும். நமக்கு 10க்குள்ள வேணும், 0 வந்தா ரொம்ப சந்தோஷம். மெம்ப்ரேனுக்கு அடுத்து, மிச்சம் இருக்குற உப்பையும் புடிச்சுக்குற டிஐ ரெசின் கேட்ரிட்ஜ் ஒண்ணு மாட்டி அங்கேர்ந்து தனியா லைன் எடுத்துக்கலாம்.

உப்பு

எங்க சித்தப்பா உப்பளத்துல வேலை பார்த்தவரு. நான் மரைன் சால்ட் (மீன் தொட்டிக்குன்னே கலந்து விக்கிற கடல் உப்பு) வாளி வாங்கி வச்சதப் பார்த்துட்டு அவருக்குத் தாங்கல.

"ஏன்டா தம்பி, வேதாரண்யத்துல மலை மாதிரி உப்பு குமிச்சு வச்சிருக்கான், நீ இந்த வாளிக்குப் போய் இவ்வளவு காசு குடுத்துட்டு வந்திருக்க?"

"சித்தப்பா, உப்பு வாரினதுக்கப்புறம் பாத்தியில தண்ணி மிச்சம் நிக்குமே, அத என்ன பண்ணுவீங்க?"

"அது வாயில வைக்க முடியாது, கசக்கும். தொறந்து விட்டுருவோம்."

"அந்தக் கசப்புதான் சித்தப்பா எனக்கு வேணும்."

விஷயம் இதுதான். கடல்தண்ணி வெயில்ல வத்தும்போது எல்லாம் ஒண்ணா உறையுறதில்ல. மொதல்ல சுண்ணாம்புச் சத்து படியும், அடுத்து ஜிப்சம் எறங்கும், அதுக்கப்புறம்தான் நம்ம சாப்புடுற உப்பு, சோடியம் குளோரைடு. மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கடைசியா நிக்கிற கசப்புத் தண்ணியிலேயே தங்கிரும். ஆக கல்லுப்புங்கிறது கடல்லேர்ந்து ஒரு பங்க மட்டும் பிரிச்சு எடுத்தது, அதத் திரும்பத் தண்ணியில கரைச்சா கடல் வராது, ஊறுகாத் தண்ணிதான் வரும். தொட்டிக்கு கால்சியம் 400 பிபிஎம் (பத்து லட்சத்துல இத்தன பங்கு) சுமாருக்கும் மெக்னீசியம் 1300 சுமாருக்கும் வேணும், அது மரைன் சால்ட்ல சரியா கலந்து வருது. சித்தப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப நாங்க தொறந்து விட்டதெல்லாம் காசா?"ன்னு கேட்டார்.

லிட்டருக்கு 36லேர்ந்து 38 கிராம், 100 லிட்டருக்கு மூணே முக்கால் கிலோ கிட்ட வரும். தண்ணியில உப்பப் போடணும், உப்பு மேல தண்ணிய ஊத்தக்கூடாது, கட்டி புடிச்சு வெள்ளையா படிஞ்சுரும். மொத தடவ மட்டும் தொட்டிக்குள்ளயே கலக்கலாம், மீன் வந்தப்புறம் வெளிய டிரம்லதான். பம்ப் போட்டு ஒரு நாள் சுத்த விட்டுட்டு அளந்து பாருங்க, 35, அடர்த்திக் கணக்குல சொன்னா 1.025, 1.026. கம்மியா இருந்தா உப்பு, கூட இருந்தா ஆர்ஓ தண்ணி, அவ்வளவுதான்.

கல்லு, மணல், மெஷின்

ஆத்து மணல் வேணாம். கடற்கரை மணல்ல கருப்பா கோடு கோடா இருக்கும் பாருங்க, காந்தம் வச்சா ஒட்டும், அதுவும் வேணாம். கடையில அரகோனைட் மணல்னு (சுண்ணாம்புச் சத்து மணல்) கேட்டு வாங்கி ரெண்டு இஞ்ச் கனத்துக்குப் போடுங்க. கல்லும் டிரை ராக்காவே (உயிர் எதுவும் ஒட்டாத காஞ்ச கல்லு) வாங்குங்க, 10, 12 கிலோ போதும். யாராவது ராமேஸ்வரம் பக்கத்துலேர்ந்து பவளக் கல்லு கொண்டுவந்து தர்றேன்னு சொன்னா கையெடுத்துக் கும்புட்டு அனுப்பி வச்சுடுங்க. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, மாட்டினா ஜெயில்.

தண்ணிய ஓட்டமா வைக்க வேவ்மேக்கர் ஒண்ணு, மணிக்கு 1500, 2000 லிட்டர் தள்ளுறது. புரோட்டீன் ஸ்கிம்மர்னு ஒண்ணு இருக்கு, பருப்பு வேகுறப்ப பொங்கி வர்ற நுரைய கரண்டியால எடுத்துக் கொட்டுவோமே, அதே வேலைதான், பொடிக் குமிழியில அழுக்கு ஒட்டி மேல வந்து கப்புல நிக்கும். இந்த அளவு தொட்டிக்கு கட்டாயம்னு இல்ல, ஆனா கை கொடுக்கும். லைட்டுக்கு சாதா எல்இடி போதும், நாளைக்கு 8 மணி நேரம்.

ஹீட்டர் நம்ம ஊருக்கு எதுக்குங்க. பிரச்சனையே சூடுதான். தண்ணி 25, 27 டிகிரியில நிக்கணும், அக்னி நட்சத்திரத்துல எங்க தொட்டி 32க்குப் போச்சு. சூடு ஏற ஏற தண்ணியில ஆக்ஸிஜன் கொறையும், மீன் மேல வந்து வாயப் பொளக்கும். மூடியத் தொறந்து வச்சு (மீன் வெளிய குதிக்காம இருக்க மேல வலை போட்டு) தண்ணி மேல படுற மாதிரி சின்ன ஃபேன் ஓட விட்டா 2, 3 டிகிரி எறங்கும். நாகை மாதிரி கடலோரத்துல காத்துலயே ஈரம் ஜாஸ்தி, அவ்வளவு எறங்காது, அவங்க சில்லருக்கோ (தண்ணியக் குளிர வைக்கிற மெஷின்) ரூம் ஏசிக்கோ காசு ஒதுக்கணும். ஃபேன் போட்டா தினம் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வத்தும். வத்துறது வெறும் தண்ணிதான், உப்பு உள்ளயே நிக்குது, அதனால ஈடு ஊத்துறது ஆர்ஓ தண்ணி மட்டும்தான், உப்புத் தண்ணி இல்ல. கண்ணாடியில மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சு தினம் காலையில அந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க.

காத்திருக்குறது

எல்லாம் ஓடுது, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, கை பரபரங்கும், கடைக்குப் போய் மீன் வாங்கலாம்னு. வேணாம். மீன் போடுற கழிவு அம்மோனியாவா மாறும், அது விஷம். அத நைட்ரைட்டா மாத்த ஒரு பாக்டீரியா, அந்த நைட்ரைட்டும் விஷம்தான், அத நைட்ரேட்டா மாத்த இன்னொரு பாக்டீரியா. இந்த ரெண்டும் கல்லுலயும் மணல்லயும் குடியேற 4லேர்ந்து 6 வாரம் ஆகும்.

அதுங்களுக்கு சாப்பாடு வேணும்ல, அதுக்குத்தான் ஒரு உரிக்காத பச்சை இறால, பழைய சாக்ஸுல கட்டி தொங்க விடுங்க. நாலாவது நாள் எங்கம்மா வீடு பூரா சுத்திட்டு, எங்கயோ எலி செத்துக் கெடக்குன்னு பீரோவ நகத்தச் சொன்னாங்க, நான் வாயத் தொறக்கல. டெஸ்ட் கிட் வாங்கி மூணு நாளைக்கு ஒரு தடவ பாருங்க. மொதல்ல அம்மோனியா ஏறும், அது 2 பிபிஎம் தொட்டதும் இறால எடுத்துடலாம். அப்புறம் அது எறங்க எறங்க நைட்ரைட் ஏறும். ரெண்டும் 0 ஆகி நைட்ரேட் மட்டும் காட்டுச்சுன்னா தொட்டி தயார். நடுவுல மணல் மேல காப்பிப்பொடி தூவின மாதிரி பழுப்பா படியும், பயந்து கழுவாதீங்க, தானா போயிரும். முடிவுல கால்வாசி தண்ணிய மாத்திடுங்க.

மீன்

மொதல்ல நத்தை நாலு, ஹெர்மிட் நண்டு ரெண்டு, பாசி திங்க. ஒரு வாரம் கழிச்சு க்ளவுன் ஃபிஷ் ஒரு ஜோடி, கடையில நீமோன்னு கேட்டாதான் எடுத்துத் தருவாங்க. ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா பார்த்து எடுங்க, க்ளவுன் மீன் எல்லாமே பொறக்குறப்ப ஆண்தான், ஜோடியில பெருசு பொண்ணா மாறிக்கும். கடல்ல புடிச்சது வேணாம், ஹேச்சரி குஞ்சான்னு கேளுங்க, அதுதான் வந்த நாளே பெல்லட் (கடையில விக்கிற காஞ்ச உருண்டைத் தீனி) திங்கும். வெளிநாட்டு சமாச்சாரம் இல்ல இது, கொள்ளிடம் தாண்டி பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து கடல் உயிரியல் மையத்துல க்ளவுன் மீன பொரிக்க வச்சு வளர்த்திருக்காங்க.

கவர்ல வந்த மீன அப்படியே கொட்டாதீங்க. கவர தொட்டியில 15 நிமிஷம் மெதக்க விட்டு, மீனையும் அந்தத் தண்ணியையும் ஒரு வாளியில விட்டு, ஏர் டியூப்ல ஒரு முடிச்சுப் போட்டு தொட்டித் தண்ணி சொட்டுச் சொட்டா விழுற மாதிரி முக்கால் மணி நேரம் விடுங்க. அப்புறம் மீன மட்டும் எடுத்து உள்ள விட்டு கவர்த் தண்ணியக் கொட்டிடுங்க. மூணு வாரம் கழிச்சு ஒரு கோபியோ ஃபயர் ஃபிஷ்ஷோ, அதோட நிறுத்திக்கங்க. டாம்செல் மலிவா கெடைக்கும், வாங்கினா மத்த மீன வாழ விடாது. நீலக்கலர் டேங் ஒரு அடி வளரும், 3 அடித் தொட்டியில அது பாவம். வெள்ளைப் புள்ளி நோய் வந்தா காப்பர் மருந்த மெயின் தொட்டியில ஊத்திடாதீங்க, நத்தை, நண்டு எல்லாம் செத்துரும், மீன தனி வாளிக்கு மாத்தித்தான் வைத்தியம்.

கரண்ட் போனா பேட்டரி ஏர் பம்ப் ரெடியா இருக்கணும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் எல்லாம் நாள் கணக்குல கரண்ட் இல்ல, அந்த மாதிரி நேரத்துல இன்வெர்ட்டரும் எத்தன மணி நேரத்துக்கு? வேற வழி இல்லன்னா ஒரு செம்புல மொண்டு மேலேர்ந்து ஊத்திக்கிட்டே இருங்க, அதுவும் காத்துதான்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ 10 லிட்டர் எடுத்துட்டு புதுசா கலக்கின உப்புத்தண்ணி 10 லிட்டர் விடுங்க. எடுத்த தண்ணிய செடிக்கு ஊத்தாதீங்க. மீன் தண்ணி நல்ல உரம்னு யாரோ சொன்னாங்கன்னு எங்கம்மா கொல்லையில கறிவேப்பிலைக்கு ஊத்தினாங்க, ஒரு வாரத்துல இலை பூரா உதுந்து குச்சியா நின்னுச்சு. இப்ப பாத்ரூம்லதான் கொட்டுறேன், கறிவேப்பிலை பக்கத்து வீட்டுல வாங்கிக்கிறோம்.