எம்பிஏ போட போறீங்களா? மொதல்ல பேர செக் பண்ணுங்க

ஹட்டன், தலவாக்கல பக்கம் டிகிரி முடிச்சிட்டு எம்பிஏ யோசிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்குதான் இது. லோக்கல் கெம்பஸ்னா பொதுவா யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) ஏத்துக்கிட்ட டிகிரி, வேலை அனுபவம், அப்புறம் டெஸ்ட் இல்லாட்டி இன்டர்வியூ. சிலதுல டிகிரிக்கு பதிலா சீமா மாதிரி கணக்கியல் தொழில் தகுதி இருந்தாலும் எடுப்பாங்க.

நம்ம ஆளுங்களுக்கு பெரிய சிக்கலே பேருதான், பொறப்பு சேட்டிபிகட்ல ஒரு மாதிரி ஐசில ஒரு மாதிரி டிகிரில இனிஷியல் மாறி வேற மாதிரி இருக்கும், அதனால அப்ளிகேஷன் கோல் பண்றதுக்கு முன்னாலயே ஜேபிகிட்ட (சமாதான நீதவான்) எல்லாம் ஒரே ஆளோட பேருதான்னு அஃபிடவிட் (சத்தியக் கடதாசி) எடுத்து வைங்க, குளோசிங் டேட் அன்னைக்கு ஓடாதீங்க. வேலை செஞ்ச எடத்துல வாங்குற சேவிஸ் லெட்டர்ல பதவியும் சேந்த தேதியும் கட்டாயம் இருக்கணும், சும்மா நல்ல பிள்ளைன்னு எழுதி வாங்குனா ஒண்ணுக்கும் ஒதவாது.

வெளிநாடுன்னா நெறைய எடத்துல ஜிமேட்னு ஒரு நுழைவு டெஸ்ட் கேப்பாங்க, மார்க் 205லருந்து 805 வரைக்கும், 5 வருஷம் செல்லும். ஐஎல்ட்ஸ்ங்கிற இங்கிலீஷ் டெஸ்ட் மார்க் செல்றது 2 வருஷந்தான், அத பிந்தி எழுதுங்க.