செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கா, ஸ்டீம் சேலா? குறைந்த விலையில் கேம் வாங்கும் வழி

சோனியின் சொந்த பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கன்சோல்) கேம்கள் பல இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு வந்தவை. வெளியான அன்றே விளையாடியாக வேண்டும் என்றால்தான் அந்த விலை கொடுக்க வேண்டும். ஒற்றை ஆள் விளையாடும் கதை கேம் என்றால் வாங்கியவர்களில் பலர் சீக்கிரமே முடித்துவிட்டு அதே டிஸ்க்கை விற்க வந்துவிடுவார்கள். காத்திருக்கிறவருக்கு அங்கேதான் லாபம்.

டிஸ்க்கில் பார்க்க வேண்டிய கணக்கு இது: வாங்கின விலையிலிருந்து திருப்பி விற்கும் விலையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் செலவு. 2,800 ரூபாய்க்கு யூஸ்டு டிஸ்க் வாங்கி, முடித்துவிட்டு 2,400க்குத் தள்ளிவிட்டால் கையைக் கடித்தது 400 ரூபாய். அதே கேமை பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பாதி விலைத் தள்ளுபடியில் 2,500க்கு வாங்கினால் அந்த 2,500 திரும்பி வராது. ஆகவே கன்சோல் வாங்கும்போதே டிஸ்க் டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிரைவே கிடையாது, பிறகு மாட்டவும் முடியாது. பிஎஸ்5 ஸ்லிம் டிஜிட்டலில் தனியாக டிரைவ் வாங்கி மாட்டலாம். முதல் முறை இணைக்கும்போது இன்டர்நெட் வேண்டும். டிரைவ் இல்லாத கன்சோல் வாங்கி மிச்சம் பிடித்த சில ஆயிரம், நாலைந்து கேமிலேயே கரைந்துவிடும்.

சென்னையில் தேட வேண்டிய இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட், அடுத்து பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். போகும் முன் அமேசான், ஃப்ளிப்கார்ட் இரண்டிலும் அன்றைய புது டிஸ்க் விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். யூஸ்டு டிஸ்க்கின் விலை அந்தப் புது விலையில் முக்கால் பங்குக்கு மேல் போனால் புதிதாகவே வாங்கிவிடலாம். குறைந்தது மூன்று கடையில் விசாரிக்காமல் பணத்தை எடுக்க வேண்டாம். “லாஸ்ட் ரேட் சொல்லுங்கண்ணே” என்று கேட்பதைவிட, கையில் இரண்டு பழைய டிஸ்க்கோடு போய் “இது ரெண்டையும் எடுத்துக்கிட்டா மேல எவ்ளோ தரணும்?” என்று கேட்டால் விலை சீக்கிரம் இறங்கும். கடைக்காரருக்கு ஒரே பேரத்தில் மூன்று டிஸ்க் கைமாறுகிறதே.

ஃபுட்பால் கேமுக்கு மட்டும் கேலண்டர் பார்க்க வேண்டும். ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் வருகிறது. புதுசு வந்ததும் பழைய டிஸ்க்கின் விலை சரிந்துவிடும். வைத்திருப்பவர் ஆகஸ்டுக்குள் விற்றுவிட வேண்டும், வாங்குகிறவர் அக்டோபர் வரை பொறுக்க வேண்டும்.

டிஸ்க்கை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விளிம்பையும் நடுத்துளையையும் பிடித்து, போன் டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்வாக அடித்து மெதுவாகச் சுற்றுங்கள். பிஎஸ்3, பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாம் ப்ளூரே. அதில் தகவல் இருக்கும் அடுக்கு, பளபளக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர். ப்ளூரேவுக்கு மேலே கடினமான பூச்சு உண்டு என்பதால் மெல்லிய கீறல்கள் ஒன்றும் செய்யாது. ஆனால் நகம் வைத்தால் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் தொடவே வேண்டாம். டிவிடியைப் பாலிஷ் போட்டுக் காப்பாற்றலாம், ப்ளூரேவில் தேய்க்க இடமே இல்லை. பற்பசை வைத்தியம் அந்தப் பூச்சையே கெடுத்துவிடும். டிஸ்க்கின் சுற்றோடு ஓடும் வட்டக் கீறல், நடுவிலிருந்து வெளியே ஓடும் கீறலைவிட மோசம், ஏனென்றால் அது ஒரே தடத்தில் நீளமாகத் தகவலை மறைத்துவிடுகிறது. நடுத்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். டப்பாவிலிருந்து வெடுக்கென்று பிடுங்குகிறவர்களின் டிஸ்க்கில் இது சகஜம்.

கடையில் போட்டுக் காட்டுவார்கள். மெனு வந்ததுமே திருப்திப்பட்டுவிடாதீர்கள். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் கேமை உள்ளே காப்பி செய்துகொள்ளும், ஒரு பகுதி ஏறியதுமே விளையாட விடும். கீறல் பட்ட இடம் பின்னால் இருந்தால் காப்பி 60, 70 சதவீதத்தில் நின்றுபோகும். முழுதாக ஏறும் வரை நிற்க நேரம் இல்லாவிட்டால், “ரெண்டு நாளுக்குள்ள எரர் வந்தா மாத்தித் தரணும்” என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

டப்பாவுக்குள்ளும் கண் போக வேண்டும். பிஎஸ்4க்கான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2, ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக் மூன்றும் இரண்டிரண்டு டிஸ்க். ஒன்று டேட்டா டிஸ்க், மற்றது விளையாட உள்ளே போடுவது. ஒன்று மட்டும் இருந்தால் புதிதாக இன்ஸ்டால் செய்யவோ விளையாடவோ முடியாது. அதிகப்படி உடைகள், டிஎல்சி (கேமோடு பிறகு சேர்க்கும் கூடுதல் பகுதி) என்று அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே ஒரு சீட்டில் இருக்கும் ஒருமுறைக் குறியீடு (கோடு), முதல் ஆள் போட்டதோடு அது செத்துவிட்டது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அட்டையின் மூலையில் வயது வரம்பு 16, 18 என்று எண்ணாக இருந்தால் ஐரோப்பியப் பதிப்பு. டி, எம் என்று எழுத்தாக இருந்தால் அமெரிக்கப் பதிப்பு. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். ஆனால் இந்திய அக்கவுண்டில் வாங்கும் டிஎல்சி அமெரிக்க டிஸ்க்கோடு சேராமல் போகலாம்.

டிஸ்க் கையில் இருந்தால் கேம் கையில் இருக்கிறது என்றும் நம்பிவிட முடியாது. கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 (2022) பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது 100 எம்பிக்கும் குறைவு, மீதி அத்தனையும் டவுன்லோட். யுபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று மூடிவிட்டார்கள். அந்த டிஸ்க் எங்காவது 200 ரூபாய்க்குக் கிடைத்தாலும் வாங்கி என்ன செய்வது? ஆன்லைனில் மட்டுமே ஓடும் கேம் என்றால் முதலில் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தேடுங்கள். பிசி கேமின் பழைய டப்பாவும் அப்படித்தான். உள்ளே இருக்கும் ஸ்டீம் (பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடை) கோடு யாரோ ஒருவரின் அக்கவுண்டில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக்கில் விலை இன்னும் குறையும், ஏமாற்று வேலையும் கூடும். முன்பணம் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். விற்கும்போதும் கவனம் தேவை: “பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க” என்றால் அது திருட்டு. பணம் வாங்க யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. டிஸ்க்கின் அடிப்பக்கப் படத்தை, அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டோடு சேர்த்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நெட்டில் எடுத்த படத்தைப் போட்டவர் அத்தோடு காணாமல் போவார். “பிஎஸ்என் அக்கவுண்ட், பத்து கேம், 1,500 ரூபாய்” என்ற விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும். பிளேஸ்டேஷன் ஆன்லைன் அக்கவுண்டை இப்படி விற்பது சோனியின் விதிக்குப் புறம்பானது. தவிர, பழைய பில்லையும் கன்சோல் சீரியல் நம்பரையும் காட்டி முதல் சொந்தக்காரர் அக்கவுண்டை எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ள முடியும்.

இனி பிசி. ஸ்டீமில் 2015 முதல் ரூபாயிலேயே விலை போடுகிறார்கள். பெரிய சேல்கள் பருவத்துக்கு ஒன்றாக வரும். ஜூன் கடைசியில் தொடங்கும் சம்மர் சேலும் டிசம்பர் கடைசி விண்டர் சேலும்தான் முக்கியமானவை. சேல் தொடங்கிய அன்றே அடித்துப் பிடித்து வாங்கத் தேவையில்லை, முன்பு இருந்த சில மணி நேர ஃப்ளாஷ் தள்ளுபடிகள் இப்போது கிடையாது. முதல் நாள் விலைதான் பொதுவாகக் கடைசி நாளும். “75 சதவீதம் தள்ளுபடி” என்பதைப் பார்த்து மயங்காமல், ஸ்டீம்டிபி தளத்தில் அந்த கேமின் பக்கத்தைத் திறந்து, நாணயத்தை இந்திய ரூபாயாக வைத்து, இதுவரை போன மிகக் குறைந்த விலையைப் பாருங்கள். இப்போதைய விலை அதைத் தொட்டிருந்தால் வாங்கலாம். கொஞ்சம் மேலே இருந்தால் விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டு விடுங்கள், விலை குறையும்போது மெயில் வரும்.

பிசி கேமுக்கான இன்னொரு ஆன்லைன் கடையான எபிக் ஸ்டோர் வாரா வாரம் வியாழக்கிழமை இரவு இலவச கேம் தருகிறது. நம் நேரத்துக்குக் கோடையில் 8:30, குளிர்காலத்தில் 9:30. எடுத்து வைத்தால் அது நிரந்தரமாக உங்களுடையது. பிளேஸ்டேஷன் பிளஸ்ஸின் மாதாந்திர கேம் அப்படியில்லை, சந்தா நின்றால் பூட்டிக்கொள்ளும்.

டாலரில் விலை காட்டும் தளங்களில் கார்டு போட்டால் வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும். யார் விற்கிறார் என்றே தெரியாத கீ (கேமைத் திறக்கும் குறியீடு) சந்தைகளில் கிடைக்கும் மலிவுக் கீ, வேறு நாட்டுக்கென்று பூட்டப்பட்டதாகவோ திருட்டுக் கார்டில் வாங்கியதாகவோ இருக்கலாம். பின்னால் ரத்தானால் ஸ்டீம் பொறுப்பேற்காது.

வீட்டில் இருவர் மூவர் விளையாடினால் ஸ்டீம் ஃபேமிலீஸை அமைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் வரை ஒரே வீட்டில் இருப்பவர்கள் லைப்ரரியை, அதாவது வாங்கி வைத்த கேம்களைப் பகிரலாம். பகிர விடாத கேம்களும் உண்டு. ஒரு காப்பியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்டலாம், வெவ்வேறு கேம் என்றால் பிரச்சினையில்லை. விலகுகிறவர், பழைய குடும்பத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆனால்தான் வேறு குடும்பத்தில் சேர முடியும், யாரைச் சேர்ப்பது என்று யோசித்துச் செய்யுங்கள்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் முழுப் பணமும் திரும்பும். முழு விலை கொடுத்த மறுநாளே சேல் தொடங்கிவிட்டால் ரீஃபண்ட் போட்டுவிட்டு, குறைந்த விலையில் உடனே திரும்ப வாங்கலாம். இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஸ்டீமின் விதியிலேயே எழுதியிருக்கிறது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இந்தச் சலுகை கிடையாது. டவுன்லோட் தொடங்கிவிட்டால் பணம் போனதுதான். சும்மா வாங்கிப் போட்டு வைப்பவர்கள் முதலில் ஆட்டோ டவுன்லோடை அணைத்துவிடுங்கள்.