பார்வையாளர்கள் எழுந்து வந்து மாற்றும் நாடகம்: நடத்துவது எப்படி?

சமூகத்தில் ஒதுக்கப்படுகிறவர்களைப் பற்றி நாடகம் போடலாம் என்று முடிவானதும் பலரும் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கதையை ஒப்படைத்துவிடுகிறார்கள். நான் அதற்குச் சம்மதிப்பதில்லை. யார் ஒதுக்கப்படுவதைப் பற்றி நாடகமோ, அவர்கள் முதல் நாளிலிருந்தே ஒத்திகையில் இருக்க வேண்டும். எந்தக் காட்சி வேண்டும், எது வேண்டாம் என்று அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் ஒருவருக்கு நேர்ந்ததை அவரையே நடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பெயரையும் இடத்தையும் மாற்றி இன்னொருவர் நடிக்கலாம்.

பேசக் கூச்சப்படுகிறவர்கள் இருந்தால், வெவ்வேறு மொழி பேசுகிறவர்கள் இருந்தால், பேச்சே இல்லாமல் தொடங்குங்கள். தங்களுக்கு நேர்ந்ததை மற்றவர்களின் உடல்களை வைத்து ஒரு சிலைபோல நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். யார் நடுவில் நிற்கிறார், யார் முதுகைத் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்பதிலேயே பாதிக் கதை வந்துவிடும்.

வடிவத்துக்கு நான் நம்புவது, பார்வையாளர்களே மேடையேறிக் காட்சியை மாற்றிப் பார்க்கும் ஃபோரம் தியேட்டரை. பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கியது. 1973-ல் பெரு நாட்டில் அவர் நடத்திய ஒரு நாடகத்தில், தான் சொன்ன யோசனையை நடிகர்கள் சரியாகச் செய்யவில்லை என்று பார்வையாளர்களில் ஒரு பெண் கோபப்பட்டார். அவரையே மேடைக்கு அழைத்து நடிக்கவைத்தார் போவால். இந்த வடிவம் அங்கிருந்து வந்தது.

பத்துப் பதினைந்து நிமிடக் காட்சி போதும். அது தோல்வியில் முடிய வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: குடியிருப்போர் கூட்டம் மாடியில் நடக்கிறது, லிஃப்ட் இல்லை. சக்கர நாற்காலியில் வரும் பெண்ணிடம் செயலாளர் அன்பாகவே சொல்கிறார், "நீங்க சிரமப்படாதீங்கம்மா, முடிவை நாங்களே வந்து சொல்லிடறோம்." அவர் திரும்பிப் போகிறார். காட்சி முடிந்தது. செயலாளரைக் கொடுமைக்காரராக ஆக்காதீர்கள். அந்த அன்பான குரல்தான் இங்கே முக்கியம், பார்க்கிறவர்கள் தங்கள் குரலை அதில் கேட்க வேண்டும்.

அப்புறம் அதே காட்சியை மறுபடி போடுங்கள். இப்போது யார் வேண்டுமானாலும் "நிறுத்துங்க" என்று சொல்லி எழுந்து வந்து அந்தப் பெண்ணின் இடத்தில் நடிக்கலாம். செயலாளரை மாற்ற மட்டும் அனுமதிக்காதீர்கள். அவர் திடீரென்று நல்லவராகிவிட்டால் யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லையே! ஒருவர் வந்து சத்தம் போடுவார், செயலாளர் இன்னும் பணிவாக மறுப்பார். இன்னொருவர் படிக்கட்டின் அடியிலேயே இருந்துகொண்டு, மேலே போகிற ஒவ்வொருவரிடமும் "கீழேயே கூட்டம் வச்சுக்கலாமா?" என்று கேட்பார். செயலாளராக நடிப்பவர் சுலபமாக விட்டுக்கொடுக்கக் கூடாது, கூட்டம் தயங்கித் தயங்கித்தான் நகர வேண்டும்.

இதை நடத்துபவரை ஜோக்கர் என்பார்கள். பொறுமைசாலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் கைதட்டவைத்து, "நிஜத்தில் இது நடக்குமா? என்ன தடை வரும்?" என்று கேட்பது அவர் வேலை. தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதல் ஆள் எழுந்து வரத் தாமதமாகும், அந்த மௌனத்தைத் தானே பேசி நிரப்பவும் கூடாது.

நாடகம் நடக்கும் இடத்துக்கே படி ஏறித்தான் போக வேண்டும் என்றால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. சரிவுப் பாதை இருக்கட்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் மேடையை ஒட்டி, வெளிச்சத்தில் நிற்கட்டும். திடீர்ச் சத்தமோ மின்னும் விளக்கோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதியில் எழுந்து போகலாம், திரும்பி வரலாம் என்பதையும் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களையும் பார்க்க அழையுங்கள். மேடையில் வந்த யோசனைகளை ஒருவர் எழுதிக்கொண்டே வரட்டும். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படி நாடகங்களில் எழுந்த யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின. உங்களுக்குச் சட்டம் வேண்டியதில்லை, அடுத்த கூட்டம் தரைத்தளத்தில் நடந்தால் போதும். அதற்கான தேதியை எல்லோரும் கலைவதற்குள் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.