குடித்த மறுநாள் தலையிடிக்கு

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கூட்டாளிகளோடு சாராயமோ பியரோ குடித்துவிட்டு, மறுநாள் தலையிடியோடு எழும்புகிறவர்கள் முதலில் தண்ணீர் குடியுங்கள். மதுசாரம் சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும். திருகோணமலை வெயிலில் வியர்வையும் சேர்ந்தால் உடம்பு இன்னும் வறண்டுவிடும். செவ்விளநீர் நல்லது. வாந்தி எடுத்திருந்தால் பாமசியில் ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அப்புறம் உப்புக் கஞ்சி, பாண், வாழைப்பழம் என்று வயிறு தாங்குவதைச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். கோப்பி தூக்கத்தைக் கலைக்குமே தவிர வெறியை முறிக்காது. பனடோலை அள்ளிப் போடாதீர்கள், மதுவோடு சேர்ந்தால் ஈரலுக்குக் கூடாது. காலையில் இன்னொரு கிளாஸ் போட்டால் சரியாகும் என்று சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், அது தலையிடியைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைக்கும்.

சரி, வராமல் தடுக்க? வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம். 30 மில்லி சாராயத்தை முறிக்க ஈரலுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம் வேண்டும். ஆகவே ஆறுதலாக, இடையிடையே தண்ணீரும் குடியுங்கள். வெறியோடு கடலில் இறங்கவே கூடாது. எழுப்பியும் எழும்பாதவரைத் தனியே விடாமல், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.