பழைய கார் இன்ஜினை ஸ்டாண்டில் ஏற்றுவது எப்படி

காரிலிருந்து இறக்கிய இன்ஜினை மாட்டித் திருப்பித் திருப்பி வேலை பார்க்க உதவும் இன்ஜின் ஸ்டாண்டில் முழு எடையையும் தாங்குவது நாலே நாலு போல்ட்தான். அந்த நாலைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மாட்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இங்கே மோரிஸ் மைனர் 1000-இன் ஏ-சீரிஸ் இன்ஜினை வைத்துச் சொல்கிறேன், மற்ற பழைய கார்களுக்கும் முறை இதேதான்.

முதலில் இடம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்துமிடத்தில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். காக்கி புக்கிட், சின் மிங், ஊபி பக்கம் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தரை மட்டமான சிமென்ட்டாக இருக்க வேண்டும். பழைய கார்களுக்கான கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருக்கும் காரை வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும், அதனால் அவசரப்பட்டுப் பிரிக்க ஒரு காரணமும் இல்லை.

ஸ்டாண்ட் வாங்கினால் நாலு சக்கரம் வைத்ததையே வாங்குங்கள். மூணு சக்கர ஸ்டாண்ட் விலை குறைவுதான், ஆனால் தள்ளும்போது சின்னப் பள்ளத்தில் முன்சக்கரம் மாட்டினாலே சாய்ந்துவிடும். ஏ-சீரிஸ் 150 கிலோவுக்குள் அடங்கிவிடும் என்றாலும் 450 கிலோ தாங்கும் ஸ்டாண்டே நல்லது, ஏனென்றால் எடை முழுக்க ஒரே பக்கமாக முன்னால் நீட்டிக்கொண்டு தொங்குகிறது.

இன்ஜின் காரில் இருக்கும்போதே கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) முனையில் இருக்கும் புல்லியின் போல்ட்டை இளக்கிவிடுங்கள். அதன் பூட்டு வாஷரின் மடிப்பை முதலில் நிமிர்த்தி, கியரைப் போட்டு, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு நீளமான கம்பியால் திருப்பினால் வந்துவிடும். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு அவ்வளவு பலம் கொடுத்தால் ஸ்டாண்டே சுற்றும் அல்லது கவிழும். ஆயிலையும் தண்ணீரையும் வடித்துவிட்டு, இன்ஜினைச் சங்கிலியில் கட்டி கிரேனில் தூக்குங்கள். கிரேன் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும், அதனால் கையில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து மாட்டுங்கள்.

தொங்கும் நிலையிலேயே கியர்பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல், பின் தகடு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஸ்டாண்டின் கைகள் வந்து உட்காரும் இடம் அதுதான். பின்பக்கம் மறைந்துவிடும் என்பதால் கிராங்கின் பின்முனையில் ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி போல்ட். பழைய பிரிட்டிஷ் இன்ஜினில் மரை எல்லாம் அங்குல அளவு, ஸ்டாண்டோடு வருபவை பெரும்பாலும் மில்லிமீட்டர். 5/16 அங்குல ஓட்டையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டைத் திருகினால் ரெண்டு சுற்று நல்லபிள்ளையாக உள்ளே போகும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரை வைத்து அழுத்தினால் பிளாக்கின் மரை போய்விடும், 60 வருஷப் பழைய வார்ப்பிரும்புக்கு அந்தக் கொடுமை தேவையில்லை. காரிலிருந்து கழற்றிய போல்ட் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் இருக்கும் ஹார்ட்வேர் கடைகளில் காட்டி, அதே மரையில் நீளமாகக் கேளுங்கள். போல்ட்டின் வலிமையைத் தலையில் இருக்கும் கோடு சொல்லும்: மூணு கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் அதைவிட வலுவான கிரேடு 8. கோடே இல்லாததை வாங்காதீர்கள். மரைக்குள் குறைந்தது விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 12 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும், ஆனால் ஓட்டையின் அடியில் முட்டக் கூடாது. ஒரு கம்பியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்தால் தெரிந்துவிடும்.

நாலு கையும் பின்னால் ஒரு குழாயும் சேர்ந்த சுழலும் தலையை ஸ்டாண்டிலிருந்து உருவி, தொங்கும் இன்ஜினில் அதை மாட்டுவதுதான் எளிது. நாலு கையையும் விரலால் மட்டும் திருகி, குழாயின் நடு கிராங்க் மையத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி நகர்த்துங்கள். முதலில் பிளாக் போல்ட்டுகளை இறுக்குங்கள், அப்புறம் கைகளை. கிராங்க் எதிலும் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள். பிறகு குழாயில் கிரீஸ் தடவி ஸ்டாண்டுக்குள் தள்ளி, பூட்டு ஊசியைப் போட்டு, கிரேனைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கண் முழுக்கக் கைகளுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கட்டும். அங்கே மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் உடனே தூக்கிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

சங்கிலியை முழுக்கக் கழற்றும் முன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஊசியை உருவிப் பாருங்கள். இன்ஜின் ஒரு பக்கமாக வேகமாகத் திரும்பப் பார்த்தால் சமநிலை சரியில்லை என்று அர்த்தம், மறுபடி தூக்கிக் கைகளை நகர்த்தத்தான் வேண்டும். சோம்பல்படாதீர்கள், தலைகீழாகத் திருப்பும்போது அந்தக் கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும்.

நம்ம ஊர் ஈரப்பதத்தில் திறந்த சிலிண்டர் சுவர் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) கழற்றிய அன்றே ஆயில் தடவி, பழைய பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக்கை இறுகக் கட்டினால் உள்ளேயே வியர்க்கும். அடியில் ஒரு தட்டும் வேண்டும், வடித்துவிட்டதாக நினைத்த பிறகும் திருப்பும்போது ஆயில் சொட்டும். அந்தக் கழிவு எண்ணெயை ஒர்க்‌ஷாப்பின் பீப்பாயில் சேருங்கள், வடிகாலில் ஒரு சொட்டும் விழக் கூடாது, இங்கே வடிகால் தண்ணீர் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.